நடுவர் நாற்காலி

தீயவனை நல்லவன் வெல்லும் கதையைக் கேட்டால் நாம் நிம்மதியாக உறங்கப் போகிறோம். நல்லவன் ஒருவனை மற்றொரு நல்லவன் எதிர்த்து நிற்கும் கதையோ நம்மை அவ்வாறு உறங்க விடுவதில்லை. கதை முடிந்த பின்னும் வழக்கு முடிவதில்லை. அத்தகைய வழக்கு ஒன்று தில்லியில் என் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. அதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறு மாலை. அரசினர் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இளைஞர் ஐவர் கூடியிருந்தனர். என் மகள், என் மகன், அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பையன், மேல் மாடியில் வசிக்கும் வங்காள நண்பரின் மக்கள் இருவர். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து குரல்கள் உயர்ந்துகொண்டே போயின. ஏதோ சண்டை என்று எண்ணி, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து சென்றேன். சண்டைதான், ஆனால் அவர்களுடைய சண்டை அன்று. அமெரிக்கப் படம் ஒன்றில் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்கிறார்கள். அவர்களுள் நியாயம் யார் பக்கம் என்பதே வாதம். மும்மொழிக் கலவையான அந்த இரைச்சலில் ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ‘நியாயம்’ என்ற சொல்லை ஐவரும் அவரவர் நாவுக்கு ஏற்ப உச்சரித்தார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது செவிக்கு இனிதாக இருந்தது.

என்னைக் கண்டதும், “அப்பா, நீங்கள் நடுவராக இருங்கள்” என்றாள் மகள். நாற்காலியும் போட்டுவிட்டார்கள். படத்தை நானும் அவர்களோடு இருமுறை பார்த்திருந்தேன். ஆகவே மறுக்க வழியில்லை.

நேயர்களுள் மூத்தவர்கள் சிலர் இப்படத்தை அறியாதிருக்கலாம். அவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர்கள் ஆன்டனி ரூஸோ, ஜோ ரூஸோ என்னும் சகோதரர்கள். மனித ஆற்றலுக்கு மேற்பட்ட ஆற்றல் படைத்த வீரர் குழு ஒன்று உலகைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. காப்பாற்றும் முயற்சியில் நகரங்கள் இடிந்தன. ஒரு பாவமும் அறியாத மக்கள் மாண்டனர். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்த நடவடிக்கை ஒன்றில், தெருவில் வெடிக்கவிருந்த குண்டை வாண்டா என்ற பெண் தன் ஆற்றலால் மேலே தூக்குகிறாள். அது அருகிலிருந்த கட்டடத்தின் பக்கம் வெடித்துவிடுகிறது. அங்கே இருந்தோர் இறக்கிறார்கள். உலகம் கொதித்தெழுகிறது. இனி இவ்வீரர்கள் ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று அனுமதித்தால் மட்டுமே செயற்படலாம் என்று உடன்படிக்கை ஒன்று எழுதப்படுகிறது. நூற்றுப் பதினேழு நாடுகள் அதை ஏற்கின்றன.

கையெழுத்திட வேண்டும் என்கிறான் ‘அயர்ன் மேன்’ எனப்படும் டோனி ஸ்டார்க். இடமாட்டேன் என்கிறான் ‘கேப்டன் அமெரிக்கா’வாகிய ஸ்டீவ் ராஜர்ஸ். தோழர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் விமான நிலையத்தில் நண்பர் நண்பரோடு பொருதுகிறார்கள்.

முதலில் ஸ்டார்க்கின் கட்சிக்காரனாகப் பேசினான் பஞ்சாபிப் பையன். கல்லூரி ஒன்றில் பேசிவிட்டு வெளியே வரும் ஸ்டார்க்கை ஒரு தாய் வழிமறிக்கிறாள். வீரர்கள் சொகோவியா என்ற நாட்டில் நிகழ்த்திய போரில் தன் மகன் இறந்ததைச் சொல்லி, அவன் படத்தைக் கையில் கொடுக்கிறாள். “அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டான் பையன். ஆற்றல் உடையவன் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவனாக இருந்தால், அவனுக்கும் கொடுங்கோலனுக்கும் வேறுபாடு என்ன என்பது அவன் வாதத்தின் சாரம். காவலருக்கு மேலதிகாரி உண்டு. படைக்கு அரசு உண்டு. நீதிபதிக்கும் மேல்முறையீட்டு மன்றம் உண்டு. இவ்வீரருக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

எதிர்க்கட்சியை எடுத்துரைத்தாள் என் மகள். ராஜர்ஸ் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. குழுவின் கையில் முடிவை ஒப்படைத்துவிட்டுத் தவறு நேர்ந்தால் குழுவைக் கைகாட்டுவதே பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என்று அவன் கருதுகிறான். குழுவில் இருப்போரும் மனிதரே; அவர்களுக்கும் உள்நோக்கங்கள் உண்டு; அவை நாளுக்கு நாள் மாறும். போகக் கூடாத இடத்துக்குப் போ என்றால் என் செய்வது? போயே ஆகவேண்டிய இடத்துக்குப் போகாதே என்றால் என் செய்வது? “படத்திலேயே பாருங்கள், ராஜர்ஸ் பக்கம் நின்றவர்களை விசாரணைகூட இல்லாமல் நடுக்கடல் சிறையில் அடைத்துவிட்டார்களே, அதுதானா சட்டம்?” என்று அவள் கேட்டபோது கூடத்தில் சற்று அமைதி நிலவியது.

இவ்விரு வாதங்களிலும் எதையும் குழந்தைத்தனம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. அதிகாரத்தை யார் கண்காணிப்பது, கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது என்ற கேள்விகள் அரசியல் நூல்களில் நெடுங்காலமாக ஆராயப்படுபவை. அவற்றை முகமூடியும் கேடயமும் அணிவித்துத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவே.

இக்கதையின் மூலம் திரையில் பிறந்ததன்று. 2006-ஆம் ஆண்டு தொடங்கி 2007-இல் முடிந்த, ஏழு இதழ்கள் கொண்ட சித்திரக்கதை வரிசையில் மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மெக்னிவன் வரைந்தார். அதில் அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் நேர்ந்த ஒரு வெடிப்பில் பள்ளிக் குழந்தைகள் உட்பட அறுநூறுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதன் பிறகு வீரர் ஒவ்வொருவரும் முகமூடியைக் கழற்றி அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வருகிறது. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ச்சிகளுக்குப் பின், பாதுகாப்புக்காக உரிமையை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று அந்நாடு தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய வாசகரும் இரு கட்சியாகப் பிரிந்தே வாதிட்டனர். விளம்பரங்களும் அவர்களை ஒரு பக்கம் சேரச் சொல்லி அழைத்தன. வாணிக நோக்கம் அதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வியாபாரி மூட்டிய நெருப்பிலும் குளிர்காயலாம் அன்றோ?

வழக்கு இவ்வளவு உறுதியாக நிலைத்து நிற்பதற்கு வேறொரு காரணத்தை வங்காள நண்பரின் மூத்த மகன் எடுத்துக்காட்டினான். இவ்விருவரும் தத்தம் இயல்புக்கு மாறான பக்கத்தில் நிற்கிறார்கள் என்றான் அவன். எண்ணிப் பார்த்தால் உண்மைதான். ஸ்டார்க் எவருக்கும் அடங்காதவன். 2010-இல் வந்த ‘அயர்ன் மேன் 2’ படத்தில், தன் கவச உடையை அரசிடம் ஒப்படைக்க மாட்டேன் என்று செனட் குழுவின் முன்பே ஏளனம் பேசியவன். ராஜர்ஸோ இரண்டாம் உலகப் போரின் படைவீரன், கட்டுப்பாட்டில் வளர்ந்தவன். அடங்காதவன் இன்று அடங்குவோம் என்கிறான். அடங்கி நின்றவன் மாட்டேன் என்கிறான்.

ஏன்? ஸ்டார்க் உலகைக் காக்கவென்று படைத்த ‘அல்ட்ரான்’ என்ற இயந்திர அறிவே 2015-ஆம் ஆண்டுப் படத்தில் சொகோவியாவை அழித்தது. தன் கையையே நம்ப முடியாத நிலைக்கு அவன் வந்துவிட்டான். ராஜர்ஸோ தான் பணிபுரிந்த பாதுகாப்பு நிறுவனத்துக்குள்ளேயே பகைவர் பல்லாண்டுகளாகக் குடிபுகுந்திருந்ததை 2014-ஆம் ஆண்டுப் படத்தில் கண்டவன். மேலிடத்தின் கையை நம்ப முடியாத நிலைக்கு அவன் வந்துவிட்டான். ஒருவனுக்குத் தன்மேல் அச்சம். மற்றவனுக்குப் பிறர்மேல் அச்சம். கொள்கை என்று நாம் பெருமையாகப் பேசுவது பல வேளைகளில் நாம் பட்ட அடியின் தழும்புதான் போலும்.

இவ்வாறு பாத்திரங்களை நிறுத்தி வைத்து வழக்காடுவது நமக்குப் புதிதன்று. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழா மேடைகளில் கும்பகருணன் சிறந்தவனா, வீடணன் சிறந்தவனா என்று அறிஞர்கள் வாதிட, மக்கள் நள்ளிரவு வரை அமர்ந்து கேட்டிருக்கிறார்கள். தமையன் செய்வது தவறு என்று இருவருமே அறிவர். ஒருவன் உடன்பிறப்பின் கடனுக்காக அவனுடன் நின்று மடிந்தான். மற்றவன் அறத்துக்காக அவனை விட்டு நீங்கினான். ராஜர்ஸை இந்தத் தராசில் நிறுத்தினால் ஒரு வியப்பு தோன்றும். உடன்படிக்கையைப் பொறுத்தவரை அவன் வீடணன். மனச்சான்றுக்காகத் தன் குழுவையே பிரிகிறான். பழைய நண்பன் பக்கி பார்ன்ஸைப் பொறுத்தவரையோ அவன் கும்பகருணன். உலகமே துரத்தும் ஒருவனை நட்புக் கடனுக்காக விடாது பற்றி நிற்கிறான். ஒரே மனிதனுக்குள் இருவரும் இருக்கும்போது வழக்கு எளிதில் தீருமா?

நிற்க. நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஐவரும் என்னை நோக்கினர். உண்மையைச் சொன்னால், என் உள்ளம் முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் நான். என் மேசைக்கு வரும் ஆணையின் கருத்து எனக்கு உடன்பாடா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ‘வேண்டும்’ என்றிருப்பதை ‘வேண்டும்’ என்றும், ‘கூடும்’ என்றிருப்பதைக் ‘கூடும்’ என்றும் எழுதுவதே என் கடமை. விதிக்கு உட்பட்டு வாழ்வதில் ஒரு கண்ணியம் உண்டு என்பது என் நம்பிக்கை. ஆதலின் ஸ்டார்க்கின் பக்கமே தீர்ப்பு என்று தொடங்கினேன்.

“நீங்கள் அரசு ஊழியர், அப்பா. அதனால் அப்படித்தான் சொல்வீர்கள்” என்று மகள் இடைமறித்தாள். எல்லாரும் சிரித்தனர். நடுவர் நடுநிலையில் இல்லை என்பதற்கு அதுவே முதல் சான்று. இரண்டாம் சான்று சிரிப்புக்கு உரியதாக இல்லை.

பஞ்சாபிப் பையன் மீண்டும் எழுந்தான். “உடன்படிக்கை இருக்கட்டும். படத்தின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள்” என்றான். சைபீரியாவில் பழைய பதுங்கிடம் ஒன்றில், பகைவனான ஸீமோ ஒரு படச்சுருளை ஓடவிடுகிறான். 1991 டிசம்பர் 16-ஆம் நாள் ஸ்டார்க்கின் பெற்றோர் இறந்தது விபத்தினால் அன்று. பகைவரின் பிடியில் அறிவு மயக்கப்பட்டுக் கிடந்த பக்கியின் கையால் அவர்கள் கொலையுண்டார்கள். பக்கிதான் கொன்றான் என்று தெரியாது என முதலில் நழுவப் பார்க்கிறான் ராஜர்ஸ். ஸ்டார்க் மீண்டும் அழுத்திக் கேட்கும்போது, ஆம், தெரியும் என்கிறான். அதன் பிறகு அங்கே உடன்படிக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. கொள்கைக்காகத் தொடங்கிய போர், மறைக்கப்பட்ட ஓர் உண்மைக்காகக் கைகலப்பாக முடிகிறது.

இது படத்தின் குறை என்பார் உளர். பெரிய கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்கு விடை சொல்லாமல் தனிப்பட்ட பகைக்குள் ஓடி ஒளிந்துவிட்டது என்று அவர்கள் கூறுவர். அக்குறையில் நியாயம் உண்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அன்று பையன் கேட்ட கேள்வி வேறு. “நேர்மையின் உருவம் என்று நீங்கள் கொண்டாடும் ராஜர்ஸ், நண்பனின் பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்பதை அவனிடமே மறைத்தது எந்த நேர்மை?” என்றான்.

ராஜர்ஸின் கட்சிக்காரியான என் மகள் உடனே மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அது தவறுதான். கடைசியில் எழுதும் கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஸ்டார்க் வருந்தக் கூடாதே என்று மறைத்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் தம்மைக் காத்துக்கொள்ளவே மறைத்தார். மறைப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்” என்றாள்.

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்த நாற்காலியில் அதற்குமேல் என்னால் அமர்ந்திருக்க முடியவில்லை. தேநீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

நேயர்களே, வெளி மாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு நேரக்கூடியதே எனக்கும் நேர்ந்தது. என் தாயார் கும்பகோணத்தில் இருந்தார்கள். 2023 பிப்ரவரி இறுதியில் அவர்கள் உடல்நிலை திடீரென மோசமாயிற்று. மகள் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டியிடம் அவளுக்கு இருந்த பற்று அளவற்றது. தமிழ் எழுத்தை அவளுக்குக் கற்பித்ததே அவர்கள்தாம். தேர்வு கெட்டுவிடுமே என்று எண்ணி, அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஊருக்குச் சென்றேன். மார்ச் மாதம் தாயார் காலமானார்கள். அவளுக்கு இன்னும் இரண்டு தேர்வுகள் பாக்கி. அவை முடிந்த பிறகே சொன்னோம். பாட்டியின் முகத்தைக் கடைசி முறையாகப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய நன்மைக்காகவே அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததனால் தீர்ந்துவிட்டது என்று கருதியிருந்தேன்.

அன்றிரவு உணவுக்குப் பின் மகளிடம் அதைப் பற்றிப் பேசினேன். உன் தேர்வுக்காக என்று நான் சொன்னது பாதி உண்மை. நீ அழுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை என்பது மற்றப் பாதி என்று சொன்னேன்.

அவள், “எனக்கு அப்போதே தெரியும், அப்பா” என்றாள்.

“எப்படி?”

“பாட்டி தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசுவார்கள். மூன்று நாள் பேசவில்லை. நீங்கள் சென்னையில் இருப்பதாகச் சொல்லித் தொலைபேசியில் பேசினீர்கள். பின்னால் ஊர்க்கோயில் மணி கேட்டது. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் நீங்கள் வருந்துவீர்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.”

பதினைந்து வயதுக் குழந்தை அந்தப் பாரத்தைத் தனியே சுமந்துகொண்டு தேர்வுக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறாள். நான் அவளைக் காத்ததாக எண்ணியிருந்த காலமெல்லாம் அவள் என்னைக் காத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருவரும் ஒரே துயரத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே அனுபவித்திருக்கிறோம். இதில் யாருக்கு என்ன நன்மை விளைந்தது?

திரைக்கதைக்கு மீண்டும் வருகிறேன். மறைப்பினால் விளைந்த பிளவு அங்கேயும் அத்துடன் நிற்கவில்லை. 2018-இல் வந்த அடுத்த பெரும் படத்தில் தானோஸ் என்னும் கொடியவன் படையெடுத்து வருகிறான். ராஜர்ஸை அழைப்பதற்கென்றே அவன் அனுப்பிய தொலைபேசி ஸ்டார்க்கின் சட்டைப் பையில் இருக்கிறது, அழைக்கத் தயங்குகிறான். இருவரும் வெவ்வேறு இடங்களில் பொருதித் தோற்கிறார்கள். உயிர்களில் பாதி மறைந்துபோகின்றன. சேர்ந்து நின்றிருந்தால் வென்றிருப்பார்களா என்பது ரசிகர்களிடையே இன்னொரு தீராத வழக்கு. 2019-ஆம் ஆண்டுப் படத்தில்தான் இருவரும் மனம் விட்டுப் பேசி, ஸ்டார்க் பழைய கேடயத்தை ராஜர்ஸிடம் திருப்பித் தருகிறான். கேடயம் கைமாறியபோதும் உடன்படிக்கை சரியா தவறா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கருத்து வேற்றுமை தீராமலே நட்பு மீண்டது. நான் கவனித்துக்கொண்ட செய்தி அதுவே. கருத்து வேற்றுமையோடு இருவர் சேர்ந்து வாழலாம். ஒருவர் அறிய வேண்டியதை மற்றவர் பூட்டி வைத்திருக்கும் வரை சேர்ந்து வாழ்வது அரிது.

மறுவாரம் ஐவரும் மீண்டும் கூடினர். தீர்ப்பு எங்கே என்று கேட்டனர். நான் ஒரு நிபந்தனை விதித்தேன்: ஒவ்வொருவரும் எதிர்க்கட்சியின் வாதத்தை, அக்கட்சிக்காரரே ‘இதைத்தான் நான் சொன்னேன்’ என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகே தீர்ப்பு. ஸ்டார்க்குக்காக என் மகள் பேசினாள். மகனை இழந்த அந்தத் தாயைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. ராஜர்ஸுக்காகப் பஞ்சாபிப் பையன் பேசினான். விசாரணையற்ற சிறையைப் பற்றி அவள் சொன்னதைவிட நன்றாகவே சொன்னான். பேசி முடித்தபோது தீர்ப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது, அவரவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இத்தகைய படங்களைப் பற்றி வாதிடக்கூடும். வெறும் வேடிக்கைப் படம் என்று சொல்லி அவர்களை அடக்கிவிடாதீர்கள். சற்று அருகில் அமர்ந்து கேளுங்கள். நடுவராக இருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் அமர்பவர் தம் வழக்கையும் கையோடு எடுத்துச் செல்ல நேரிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது என் தாயாரின் நினைவு நாளில் மகளும் நானும் ஒன்றாக அமர்ந்து பாட்டியைப் பற்றிப் பேசுகிறோம். சில வேளை இருவரும் அழுவதுண்டு. அதை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைப்பதில்லை.